சொல்லில்லாத இசையும் தூங்காத நகரமும்



மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்களிலிருந்தும், பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலிருந்தும் தங்கள் பிள்ளைகளைப் பெங்களூருக்கும் கொச்சிக்கும் சென்னைக்கும் அனுப்பியிருக்கும் பெற்றோரில் சிலர் அண்மைக்காலமாக ஒரே காரியத்தைக் குறித்து விசாரிக்கிறார்கள். "ஐயா, பையன் இராமுழுவதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கிடக்கிறான். பாட்டுமில்லை, தாளமுமில்லை, புகை பரவுவதுபோல ஏதோ ஓர் ஓசை. நடுநடுவே மழைச் சத்தமும் ரயில் சத்தமும் கேட்கின்றன. இது என்ன ஆவியோ தெரியவில்லையே!" என்பதே அவர்களுடைய கலக்கம்.

அதற்கு ஆம்பியன்ட் இசை என்று பெயர். அது பிறந்த விதத்தைக் கேளுங்கள். 1975-ஆம் ஆண்டு பிரையன் ஈனோ என்னும் ஆங்கிலேய இசைக்கலைஞர் லண்டனில் வாடகைக் கார் மோதிக் காயமுற்றுப் படுக்கையில் கிடந்தார். பார்க்கவந்த தோழி கொடுத்துச் சென்ற பழங்காலச் சுரமண்டல இசைத்தட்டொன்றை மிகுந்த பிரயாசத்தோடு சுழலவிட்டுப் படுத்தபின்புதான், ஓசை மிகக் குறைவாயிருப்பதும் ஒலிபெருக்கிகளில் ஒன்று பழுதாயிருப்பதும் அவருக்குத் தெரிந்தன. மறுபடி எழுந்து திருத்த அவருக்குப் பெலனில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழைக்குள் கரைந்தும் கரையாமலும் அந்தச் சுரமண்டலம் கேட்டது. அறையின் வெளிச்சத்தைப்போல இசையும் சும்மா இருக்கலாமே என்று அப்பொழுது அவருக்குத் தோன்றிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் விமான நிலையங்களில் காத்திருப்போருக்காகவே அவர் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார்.

பிற்பாடு இந்த இசை நகரத்தின் இரவுக்குள் புகுந்தது. பரியல் என்ற பெயரில் இசையமைக்கும் லண்டன் வாலிபர் ஒருவர் 2007-இல் வெளியிட்ட 'அன்ட்ரூ' என்னும் தொகுப்பில் மழையும், பழைய இசைத்தட்டின் பொரிச்சத்தமும், எங்கிருந்தோ உடைந்து வரும் மனிதக் குரல்களும் நிறைந்திருக்கின்றன. அதற்கு முந்தின ஆண்டுத் தொகுப்பில் ஓர் இசைக்கு 'இரவுப் பேருந்து' என்றே அவர் பெயரிட்டார். வேலை முடிந்து வெறிச்சோடின பேருந்தில் தனியே திரும்புகிறவனுடைய நெஞ்சை அறிந்தவர் போலும்!

இது வெள்ளைக்காரர் விவகாரம் என்று தள்ளிவிடவும் கூடாது. 1969-ஆம் ஆண்டிலேயே அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் என்னும் மின்னிசைக் கருவி நிறுவப்பட்டு, நம் தேசத்தார் சிலர் ஓசைகளை உருவாக்கினார்கள். நெடுங்காலம் மறந்துகிடந்த அந்த ஒலிநாடாக்கள் 2023-இல் இசைத்தட்டாக வெளிவந்தன. நமக்கு இன்னும் அருகே வருவோம். இடுக்கி மலைகளின் கிழக்கு அடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினி வழியே இயக்கிய மின்னிசையைத் தமிழருக்குக் கேட்கக் கொடுத்தார். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காகத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடினவர். அண்ணனுக்குக் கூட்டத்தைத் திரட்டும் பாட்டு. தம்பிக்குப் பிற்காலத்தில் கம்பியும் மின்சாரமும்.

பிரியமானவர்களே, சொல்லில்லாத இசையென்றால் பயப்படுகிறவர்கள் 1 சாமுவேல் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கலங்கிப்போன சவுலுக்கு முன்பாகத் தாவீது சுரமண்டலத்தைத் தன் கையினால் வாசித்ததாகவே காண்கிறோம். பாடினான் என்று அங்கே எழுதப்படவில்லை. ஆறுதலும் உண்டாயிற்று. நம்முடைய சபைகளிலும் என்ன நடக்கிறது? ஜெபவேளையில் கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒரே சுரக்கூட்டை அழுத்திப் பிடித்தபடி நீளமாய் ஓடவிடுகிறாரே, அது எது? அதை நிறுத்திவிட்டால் "இன்று ஜெபத்தில் ஏதோ குறைகிறது" என்று முதலில் சொல்லுகிறவர்கள் நாம்தான்!

ஆகிலும் அதே புத்தகத்தின் 18-ஆம் அதிகாரத்தையும் விட்டுவிடலாகாது. அதே தாவீது அதே கையினால் வாசித்துக்கொண்டிருக்கையில் சவுல் ஈட்டியை எறிந்தான். வாசிப்பில் குறையில்லை, சவுலின் உள்ளத்தில் எரிச்சல் அப்படியே இருந்தது. உங்கள் மகனுக்குக் கடன் பாரமோ, மேலதிகாரியின் நெருக்கடியோ, பேச ஆளில்லாத தனிமையோ இருக்குமானால், இந்த இசை ஒரு இராத்திரியைக் கடத்திவிடும். காலையில் எல்லாம் வாசற்படியில் நிற்கும். ஆகையால் "என்ன கேட்கிறாய்?" என்பதோடு நிறுத்தாமல், "ஏன் தூக்கம் வரவில்லை?" என்றும் கேளுங்கள்.

நகரத்தில் தூக்கம் வராததற்குச் சரீரப்பிரகாரமான காரணமும் உண்டு. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசை 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி சொல்லுகிறது. பெருஞ்சாலையோர விடுதி அறையில் படுப்பவனுக்கு அந்த விதி என்ன செய்யும்? ஒரே சீராய் ஓடும் ஓசை காதுக்குப் பழகிவிடும். திடீரென்று அலறும் ஹாரனே எழுப்பிவிடுகிறது. சீரான மெல்லிய இசை அந்தத் திடுக்கிடுதலை மூடி மறைக்கிறது. பிள்ளைகள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தூக்கமில்லாமல் தவித்துக் கண்டுபிடித்தார்கள். சத்தத்தை மட்டும் தாழ்வாக வைக்கச் சொல்லுங்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்கு ஆகாதென்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் புதியதுமல்ல. கொழுந்தை வாட்டுவதற்காகத் தேயிலைத் தொழிற்சாலையின் விசிறிகள் இரவெல்லாம் சுழலும். அந்த முழக்கத்தின்மேல் தகரத்தில் மழை விழும். சில்வண்டுகள் ஓயாமல் இரையும். நாம் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு லயம் என்று பெயர். இசையிலும் லயம் உண்டு. இரண்டுக்கும் உறவில்லையென்று பண்டிதர்கள் சொல்லக்கூடும். ஆனாலும் லயத்தில் பிறந்த பிள்ளை தொட்டிலிலேயே இப்படிப்பட்ட இசையைக் கேட்டு உறங்கிற்று.

ஒரு காரியத்தில் கவனமாயிருங்கள். இவ்விசையில் மழை ஆறுதலுக்காகச் சேர்க்கப்படுகிறது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது 70 பேரை இழந்தோம். அந்த வீடுகளின் மிச்சமான பிள்ளைகளில் எவரேனும் உங்கள் அறையில் தங்கியிருந்தால், வாலிபத் தம்பிகளே, மழைச் சத்தத்தை அறை முழுவதும் ஒலிக்கவிடாதிருங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்; நீங்களே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பெற்றோரே, நீங்கள் மகனைப் பார்க்கப் போகும்போது காதுக்கருவியைப் பிடுங்காமல், ஒரு பக்கத்தை வாங்கி உங்கள் காதில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிஷமாவது கேளுங்கள். பிறகு ஊருக்குத் திரும்பினதும், ஓர் இரவில் கைபேசியை வாசலில் வைத்துத் தொழிற்சாலையின் விசிறியோசையைப் பதிவுசெய்து அவனுக்கு அனுப்புங்கள். நடுவே நீங்கள் இருமுகிற சத்தம் விழுந்தால் அதை அழிக்கவேண்டாம்.