4 விநாடிப் பந்தயத்துக்கு ஏன் அரை மணிநேரக் காத்திருப்பு?

இரண்டு கார், நேர்கோட்டுத் தடம், 1,000 அடி. அமெரிக்காவின் 'டாப் ஃபியூல்' டிராக் பந்தயம் 4 விநாடிக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரு காரின் இஞ்சின் வெடித்தால்? அடுத்த ஜோடி கால் மணி, அரை மணிநேரம்கூட நிற்க வேண்டியதுதான்.

இஞ்சின் ஏன் வெடிக்கிறது? இந்தக் கார்களுக்கு ஊற்றுவது சாதா பெட்ரோல் இல்லை; பெரும்பகுதி நைட்ரோமீத்தேன். ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால் எரியாத எரிபொருள் உள்ளேயே தேங்கும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது இல்லையா? பிஸ்டன் மேலே வரும்போது ஏதாவது ஒன்று உடைந்தே ஆகவேண்டும். எண்ணெய் தடத்தில் கொட்டும்.

மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் அடுத்த கார் வழுக்க அது போதும். அதனால் பணியாளர்கள் எண்ணெயை உறிஞ்சி எடுத்து, தேய்த்து, காயவைத்து, டயர் பிடிமானத்துக்கான பசையை மறுபடி தெளிக்கிறார்கள். அவசரப்படுத்த முடியாது.

அதற்குள் வெயில் ஏறியிருக்கும், இல்லாவிட்டால் மேகம் மூடியிருக்கும். தடத்தின் சூட்டைக் கணக்கிட்டு கிளட்ச்சைச் சரிசெய்து வைத்த அடுத்த குழுவின் கணக்கு தப்பிவிடும்.

எண்ணெய் கொட்டிய குழுவுக்கு அபராதம் உண்டு, புள்ளியும் குறையலாம். இஞ்சினுக்கு அடியில் எண்ணெயைப் பிடிக்க 'டயப்பர்' கட்டாயம். பெயர் சிரிப்பா இருந்தாலும் வேலை அதேதான்!

ஆனால் அபராதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்காது. பணமுள்ள குழு பாகங்களை அடிக்கடி மாற்றும். சிறிய குழு பழைய பிஸ்டனையே இன்னொரு ஓட்டத்துக்கு நம்பும். அது உடைந்தால் இஞ்சினும் போச்சு, அபராதமும் கட்டணும்.