புதுப்பிக்குமுன் படியுங்கள்!

பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்க எண்ணுபவர் முதலில் தேடுவது கொத்தனாரை. அவர் முதலில் தேட வேண்டியது அவ்வீட்டின் வரலாற்றை என்பதே என் கருத்து.

புதுச்சேரியின் தமிழர் வீதிகளைப் பாருங்கள். கீழே திண்ணையும் தாழ்வாரமும். மாடியிலோ பிரெஞ்சுப் பாணியில் வளைவுச் சாளரங்கள்! இரு நாகரிகங்கள் ஒரே முகப்பில் கைகோத்து நிற்கின்றன. இதன் அருமை அறியாதவர் தாழ்வாரத்தை இடித்துக் கடை கட்ட இடம் தேடுவார். அறிந்தவர்கள் வைசியாள் வீதியில் தாழ்வாரங்களையும் முகப்புகளையும் பழைய வடிவிலேயே மீட்டனர். அப்பணி 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் விருதைப் பெற்றது. மாறாக, அதே நகரின் கடற்கரையில் நின்ற பழைய மேரி கட்டடம், 2014-ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது. அதைப் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பித் திறக்க 2021 வரை காத்திருக்க நேர்ந்தது.

வீட்டு வரலாறு என்றால் யார் வாழ்ந்தார் என்பது மட்டுமன்று. எந்தச் சுவர் முதலில் எழுந்தது, எது பின்னால் சேர்ந்தது என்பதும் வரலாறே. கிரயப் பத்திரமும் பாகப் பிரிவினைப் பத்திரமும் அதைச் சொல்லும். முற்றத்தில் எடுத்த திருமணப் புகைப்படம் சொல்லும். சுவரைச் சற்றே சுரண்டினால், அடுக்கடுக்காய்த் தெரியும் வண்ணங்களும் சொல்லும்.

இது வெறும் ஏட்டறிவா? இல்லை! சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதை அறியாது சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். செய்த செலவும் வீண், சுவரும் பாழ்.

“பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டு, எதையும் தொடாதே என்கிறார்கள். ஒழுகும் கூரையின்கீழ்ப் படுப்பவன் நானல்லவா?” என்று வீட்டுக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தடை மட்டும் விதித்து உதவி செய்யாத பட்டியல் வீட்டைக் காக்காது. ஆனால், வரலாறு தெரிந்தால் அவருக்கே வழி பிறக்கும். பின்னாளில் போட்ட கல்நார்க் கூரையைத் தக்க பாதுகாப்போடு அகற்றலாம்; ஆதியில் நிறுத்திய மரத்தூணைப் போற்றலாம். எல்லாவற்றையும் காக்க வேண்டியதில்லை. எதைக் காப்பது என்று தெரிந்தால் போதும்.

அந்த அறிவை வழங்க நம்மால் முடியாதா? வரலாறு பயிலும் நண்பர்களே, இவ்விடுமுறையில் ஆளுக்கொரு பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டாரின் இசைவோடு அளப்போம், முதியோரைக் கேட்போம், எழுதுவோம். ஒரு படி வீட்டாருக்கு, மற்றொரு படி கல்லூரி நூலகத்திற்கு. கடப்பாரை விழுமுன் நம் பேனா அங்கே சென்று சேரட்டும்!