மைதானக் கடன் யார் தலையில்?

தொழில்முறைக் கால்பந்து அணியை வரவழைக்க ஊர்ப் பணத்தில் மைதானம் கட்டலாமா என்று யோசிப்பவர்கள் அமெரிக்காவின் பிரிட்ஜ்வியூவைப் பார்க்க வேண்டும். சிகாகோவை ஒட்டிய அந்தச் சிற்றூரின் மக்கள்தொகை சுமார் 17,000. சிகாகோ ஃபயர் அணிக்காகக் கடன் பத்திரம் வெளியிட்டு, 20,000 பேர் அமரும் மைதானத்தைக் கட்டி 2006இல் திறந்தார்கள். வருமானம் தவணைக்குப் போதவில்லை, வீட்டுவரி ஏறியது. 2019இல் அந்த அணி 6.55 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தை முறித்து, சிகாகோவுக்கே திரும்பியது. அந்தத் தொகை கடனில் ஒரு பகுதிக்குத்தான் காணும்.

வியாபாரம் பெருகும் என்பார்கள். ஆனால் ஃபயர் ஆடும் மேஜர் லீக் சாக்கரில் ஓர் அணி சொந்த ஊரில் ஆடும் லீக் ஆட்டங்கள் ஒரு பருவத்துக்கு 17தான். ஆட்ட நாளில் புழங்குவதும் பெரும்பாலும் புதுப் பணமல்ல; உள்ளூர்க் குடும்பங்கள் சினிமாவுக்கோ உணவகத்துக்கோ ஒதுக்கியிருந்த பணம். பொருளாதார ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறார்கள். பணம் தராவிட்டால் அணி வேறு ஊருக்குப் போய்விடும் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஊர்ப்பெருமையும் சின்ன விஷயமல்ல. ஆனால் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மக்கள், கால்பந்து மைதானத்துக்கு ஊர்ப் பணத்தில் 6 கோடி டாலர் கேட்ட திட்டத்தை 2017 வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். பிறகு வேறு உரிமையாளர்கள் பெரும்பாலும் தனியார் பணத்தில் மைதானம் கட்டினார்கள்; 2023இல் அணி களமிறங்கியது. வரிச்சலுகை அங்கும் உண்டுதான். என்றாலும் நஷ்டத்தைப் பெரும்பாலும் சுமக்க வேண்டியவர்கள் உரிமையாளர்கள். பிரிட்ஜ்வியூவில் அந்தச் சுமை வீட்டுவரி கட்டுபவர்கள் தலையில் விழுந்தது. மைதானம் கேட்டு வரும் அணியிடம், கடன் தீரும்வரை அதற்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்காமல் எந்த நகரமன்றமும் கையெழுத்திடக் கூடாது.