கோடை வேலையும் உச்சிவேளை ஓய்வும்

பங்குனிப் பெருவிழா முடிந்து மயிலைத் தேர் நிலைக்கு வந்த பின், சென்னையில் மற்றொரு பணி மும்முரமாகத் தொடங்குகிறது. அதுதான் வீடு பழுதுபார்க்கும் பணி. பள்ளிகளுக்கு விடுமுறை, மழை வந்து கெடுக்கும் அச்சம் குறைவு, உத்தியோகஸ்தருக்கு விடுப்புக் கிடைக்கிறது, ஐப்பசி அடைமழைக்கு முன் ஒழுகலை அடைத்தாக வேண்டும். ஆகவே மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் மணலும் செங்கல்லும் குவியாத தெரு அரிது. காரணங்கள் யாவும் நியாயமானவையே. ஆனால் அந்த வேலையை நாளின் எந்தப் பொழுதில் செய்விக்கிறோம் என்பதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் ஏட்டில் நகரத்து வீட்டு விஷயம் எதற்கு என்று அங்கத்தினர் கேட்கலாம். அந்த மொட்டை மாடியில் நிற்பவர் யார் என்று பார்த்தால் விடை கிடைக்கும். அறுவடை முடிந்து வயலில் வேலை ஓய்ந்த நாட்களில், கொத்தனாராகவும் சித்தாளாகவும் சென்னைக்கு வரும் கிராமத்தார் பலர். அவர்கள் நம் போன்ற சங்கங்களின் குடும்பத்தாரே.

சென்ற கோடையில் அடையாற்றுப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அலுவல் நிமித்தம் சென்றிருந்தோம். பகல் ஒரு மணி. நாலாவது மாடிக்கு மணல் சுமந்துகொண்டிருந்த சித்தாள் ஒருவர் படிக்கட்டிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நிழலில் இருத்தி, நீர்மோர் கொடுத்த பின் தெளிந்தார். "காலையிலேயே ஏற்றியிருக்கக் கூடாதா, அம்மா?" என்று கேட்டோம். "பத்து மணிக்கு மேலதான் உள்ளே விடுறாங்க, சார்" என்றார். வாயிற்பலகையில் விதி எழுதியிருந்தது: வேலை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. குடியிருப்போரின் உறக்கமும் அமைதியும் கெடலாகாது என்ற நல்லெண்ணத்தில் எழுந்த விதிதான். ஆனால் அதன் விளைவாக, நாளின் கொடிய வெயில் முழுவதும் ஒருவர் பாக்கியின்றித் தொழிலாளியின் தலையிலேயே விழுகிறது.

நாமும் குற்றமற்றவரல்லர். மயிலாப்பூரில் நாம் குடியிருக்கும் பழைய வீட்டின் தளத்தைப் புதுப்பிக்க, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் பத்து நாள் விடுப்பெடுத்தோம். விடுப்பு முடியுமுன் வேலை முடிய வேண்டும் என்று கொத்தனாரை நடுப்பகலிலும் விரட்டினோம். குழந்தைகளின் விடுமுறை தூசியில் கழிந்தது. பூசிய சிமிட்டி சில நாளிலேயே கீறல் விட்டது. ஐப்பசியில் அதே இடத்தில் ஒழுகிற்று. பணமும் போயிற்று, விடுப்பும் போயிற்று.

இதன் காரணம் நெசவாளர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. பாவுக்குக் கஞ்சி போடுவோர் விடியற்காலையில் தெருவில் பாவை விரிக்கின்றனர். வெயில் ஏறினால் கஞ்சி விரைந்து காய்ந்து, இழை முறுகி அறும். சுவரின் கதையும் அதுவே. சிமிட்டிப் பூச்சு ஈரத்தில் இருந்துதான் வலுவடைகிறது. குறைந்தது ஏழு நாளாவது அதற்கு நீராற்ற வேண்டும். உச்சி வெயிலில் பூசினால் நீர் ஆவியாகிப் பிளவு காணும். கிளிஞ்சல் சுண்ணாம்பும் சுடு தளத்தில் அடித்தால் பற்றாமல் பொடியாக உதிரும். ஆளுக்குக் கேடான வேளையே வேலைக்கும் கேடான வேளை. உழவரும் விடியலில் ஏர் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிடுவதே வழக்கம். கிராமம் அறிந்த இந்தக் கணக்கை நகரம் மறந்துவிட்டது.

வெயில் அற்பமானதன்று. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. கடற்காற்று பிந்தும் நாட்களில் வெப்பம் மேலும் ஏறுகிறது. 2010-ல் கடும் வெப்ப அலையால் துன்புற்ற ஆமதாபாத் நகரம் 2013-ல் வெப்பத் தற்காப்புத் திட்டம் வகுத்தது. கேரளத்தில் கோடைதோறும் வெட்டவெளியில் உழைப்போர்க்குப் பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை ஓய்வளிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நம் சேலைகள் விற்கும் தியாகராய நகர்க் கடைகளைப் போன்றவற்றில் நின்றே பணியாற்றுவோர்க்கு இருக்கை தர வேண்டுமென 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஓய்வு என்பது தருமமன்று, உழைப்பின் ஒரு பகுதி என்பதை அரசுகள் ஒப்புக்கொண்டுவிட்டன. எஞ்சி நிற்பது நம் வாயிற்பலகைதான்.

அடையாற்றின் காந்தி நகர், கூட்டுறவு வீடமைப்புச் சங்கத்தின் முயற்சியால் எழுந்த குடியிருப்பு. கூடி வீடு கட்டத் தெரிந்த நமக்குக் கூடி வேலை நேரம் வகுக்கவும் தெரியும். எமது யோசனைகள் மூன்று.

முதலாவது, ஓசையுள்ள வேலையையும் ஓசையற்ற வேலையையும் பிரித்து விதி செய்க. மணல் ஏற்றுதல், சுண்ணாம்பு அடித்தல், பூச்சு, நீராற்றல் ஆகியவற்றைக் காலை ஆறு மணிக்கே அனுமதிக்கலாம். உடைப்பதும் துளைப்பதும் பத்து முதல் பன்னிரண்டு வரை, உள்ளறைகளில் மட்டும் நடக்கட்டும். பன்னிரண்டு முதல் மூன்றரை வரை எவருக்கும் வேலையில்லை. அதன் பின், கடற்காற்று வீசும் பொழுதில், ஆறு மணி வரை தொடரலாம்.

இரண்டாவது, தளமே முதலில், அலங்காரம் பிறகு. பழுதுபார்ப்புக் கடன் பெற்றுக் கூடத்துக்குப் பளிங்கு பதித்துவிட்டு, தளத்தை ஒழுகவிட்ட வீடுகளை நாம் ஆய்வில் கண்டிருக்கிறோம். தளத்தைச் செப்பனிட்டு, நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, அரிசிக் கஞ்சி சேர்த்து வெள்ளையடித்தால், அது வெயிலைத் திருப்பியனுப்பி வீட்டின் சூட்டைத் தணிக்கும். செலவும் சொற்பம்.

மூன்றாவது, வேலையைப் பங்குனியிலேயே தொடங்குக. கத்திரி நாட்களில் வீட்டாரும் ஓயட்டும். குழந்தைகள் மாலையில் கடற்கரை செல்லட்டும்.

"நடுவே மூன்றரை மணி ஓய்ந்தால் கூலியைக் குறைக்கலாமா?" என்று ஒருவர் கேட்கக்கூடும். கூடாது. விடியலில் தொடங்குவதால் வேலை மணி குறைவதில்லை. பூச்சு கெடாததால் மறுசெலவும் இல்லை. ஆயினும் தொழிலாளிக்கு நாள் நீள்கிறது என்பது உண்மை. தொலைவிலிருந்து வருவோர்க்கு விடியலில் வந்து சேர்வதும் சிரமமே. ஆகவே படுக்க நிழலும், குடிக்க நீரும், உண்ண இடமும் அளிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவர் நேரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

நகரத்தில் குடியிருப்புச் சங்கங்களில் உள்ள அங்கத்தினர்கள், வரும் பொதுப்பேரவைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம். கிராமத்திலிருந்து வேலைக்கு வருவோரும் தனித்தனியே கெஞ்சாமல், ஒரு குழுவாக நேரம் பேசி வர வேண்டும். ஒரு பலகையில் இரண்டு வரி மாற்றி எழுதும் வேலைதான் இது. கோடை வருமுன் எழுதிவிடுவோம்.