எரிமலையும் தலைவிதியும்

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் வைணவர்களுக்கு இராமானுஜர் அவதரித்த ஸ்தலம் என்கின்ற ஞாபகம் வரும். வேலை தேடி வரும் வாலிபர்களுக்கோ இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை உள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளின் ஞாபகம் வரும். ஆனால் அந்த மண்ணுக்கு இவ்விரண்டுக்கும் முந்திய சரித்திரம் ஒன்றுண்டு. அதை எந்த ஸ்தல புராணக்காரரும் எழுதி வைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் பாறை அடுக்குகளில் 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செடிகளின் இலைகள் பதிந்து கல்லாகிக் கிடக்கின்றன. கடல் பிராணிகளின் அடையாளங்களும் அவற்றில் அகப்படுகின்றன. அதாவது அங்கு ஒரு காலத்தில் கடல் வந்து போயிருக்கின்றது.

அங்கிருந்து கிழக்கே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் போனால் அதைவிட எத்தனையோ மடங்கு பழைய கருங்கல் இருக்கின்றது. 1893-ல் தாமஸ் ஹாலண்டு என்ற பூகர்ப்ப ஆராய்ச்சிக்காரர் அதைப் பரிசோதித்து 'சார்னகைட்' என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறையில் வைத்த கல்லும் அதே இனம் என்பதால் அந்தப் பெயர். அது பூமிக்குள் உருகிய பாறைக்குழம்பு உறைந்து உண்டானது என்று ஹாலண்டு சொன்னார். பின்னால் வந்தவர்கள் ஆராய்ந்து, குழம்பு உறைந்து உண்டானதும் உண்டு, பழைய பாறையே ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறி உண்டானதும் உண்டு என்று கண்டார்கள். இப்படிச் சொன்னவர்களை ஒருவரும் ஜாதிப் பிரஷ்டம் செய்யவில்லை. நரகத்துக்குப் போவாய் என்று சபிக்கவும் இல்லை. சாஸ்திரத்தை இப்படித் திருத்த எந்தப் புரோகிதராவது சம்மதிப்பாரா என்று கேட்கின்றோம்.

நிற்க, நம் மக்களுக்குப் பூமிக்குக் கீழே என்ன இருக்கின்றது என்று சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கின்றது? ஆதிசேஷன் தாங்குகிறான் என்றும், பாதாளலோகம் இருக்கின்றது என்றும், அங்கே எண்ணெய்க் கொப்பரை கொதிக்கின்றது என்றும்தானே? அந்தமானில் நார்கொண்டம் என்று ஒரு தீவு உண்டு. அது ஓர் எரிமலையே. 'நரக குண்டம்' என்பதுதான் அப்படித் திரிந்தது என்று சொல்லுவார்கள். அதில் வெந்து கொண்டிருக்கும் பாவி ஒருவனையும் இதுவரை யாரும் கண்டதில்லை.

உண்மை என்ன? பூமியின் உட்புறம் முழுவதும் நெருப்புக் குழம்பு என்று நினைப்பதும் தவறு. அதன் மேலோடும் அதற்கடுத்த பெரும் பகுதியும் கெட்டியான பாறையே. அழுத்தம் குறைகின்ற இடத்திலும், கடலடித் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழே நுழைந்து நீரைக் கொண்டு போய்ச் சேர்க்கின்ற இடத்திலுந்தான் பாறை உருகுகின்றது. உருகியது சுற்றியுள்ள பாறையைவிட லேசானதால் மேலே ஏறுகின்றது. ஏற ஏற அதில் கரைந்திருந்த நீராவியும் வாயுவும் குமிழ் விடுகின்றன. சோடாப் புட்டியின் கோலியை அமுக்கினால் என்ன நடக்கின்றதோ அதுதான் அங்கும் நடக்கின்றது. குழம்பு இளக்கமாக இருந்தால் வழிந்தோடும். பிசுபிசுப்பாக இருந்தால் வாயு அடைபட்டு மலை வெடிக்கும். இதில் பூமாதேவியின் கோபத்துக்கு எங்கே இடம்?

இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் எரிமலை அந்தமானில் உள்ள பாரன் தீவு ஒன்றே. நூறு ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்த அது 1991-ல் மறுபடி கக்கத் தொடங்கியது. 2017 ஜனவரியில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிலையத்தார் 'சிந்து சங்கல்ப்' என்ற கப்பலில் அதன் பக்கத்தில் வேலை செய்து கொண்டிருந்தபோது அது சாம்பலைக் கக்கியது. அவர்கள் தேங்காய் உடைக்கவில்லை. தூர விலகி நின்று நேரத்தைக் குறித்தார்கள். நீரையும் மண்ணையும் எடுத்துப் பரிசோதித்தார்கள்.

இந்த ஆராய்ச்சியால் ஏழைக்கு என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். இரண்டு சம்பவங்களைச் சொல்லுகின்றோம். 1991-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினடூபோ மலை புகையத் தொடங்கியது. ஆராய்ச்சிக்காரர்கள் சிறு நடுக்கங்களை எண்ணினார்கள். கந்தக வாயுவை அளந்தார்கள். குழம்பு மேலே ஏறுகின்றது என்று கண்டு சொன்னார்கள். பல்லாயிரக்கணக்கான மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஜூன் 15-ந் தேதி மலை பயங்கரமாக வெடித்தும் ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின.

மற்றொன்று ஜாவாவிலுள்ள மெராப்பி. அம்மலைக்குக் 'காவலர்' என்று மரிஜான் என்ற முதியவர் இருந்தார். மலையின் ஆவிகளுக்குப் படையல் வைப்பது அவர் கடமை. 2010 அக்டோபரில் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்று எச்சரிக்கை வந்தது. அவர் இறங்க மறுத்தார். 26-ந் தேதி கொதிக்கும் சாம்பல் மேகம் அவ்வூரை மூடியதில் அவரும் இன்னும் பலரும் மாண்டார்கள். அவர் அயோக்கியரல்ல, தான் நம்பியதற்குத் தன் உயிரையே கொடுத்தவர். ஆனால் அவரை நம்பி இருந்தவர்கள் செய்த குற்றம் என்ன? நல்லவன் நம்பினாலும் மூடநம்பிக்கை கொல்லவே செய்யும் என்பதற்கு இதைவிட ருசு வேண்டியதில்லை.

ஒரகடத்தில் எரிமலை இல்லை. ஆனால் உலையும் அச்சு யந்திரமும் உண்டு. அங்கே தொழிற்சாலை கட்டுமுன் மண்ணைத் துளைத்துப் பரிசோதித்துத்தான் அஸ்திவாரம் போடுகின்றார்கள். அதே இடத்தில் புரோகிதரைக் கூப்பிட்டுப் பூமி பூஜையும் நடத்துகின்றார்கள். கட்டிடத்தைத் தாங்குவது பரிசோதனையா மந்திரமா என்பது கட்டுகிறவனுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமலிருப்பது தொழிலாளிக்குத்தான். யந்திரத்தில் தோழன் ஒருவனுக்கு விரல் போனால், காவல் தகடு ஏன் இல்லை, எத்தனை மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கினார்கள் என்று கேட்பதை விட்டு, "அவன் கிரகம் சரியில்லை" என்கிறான். ஆயுத பூஜையன்று அதே யந்திரத்துக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறான். தலைவிதி என்று சொல்லும் வரையில் முதலாளிக்குச் செலவில்லை, புரோகிதருக்குத் தட்சணை, தொழிலாளிக்கு மட்டும் விரல் நஷ்டம்.

ஆகவே தோழர்களே! மலை வெடிப்பதற்குக் காரணம் உண்டு. அதைக் கண்டவன் பிழைத்தான். யந்திரம் கடிப்பதற்கும் காரணம் உண்டு. அதைக் கேளுங்கள், எழுதி வையுங்கள், சங்கத்தில் பேசுங்கள், காவல் தகடு போடும் வரை விடாதீர்கள். பூசணிக்காயைச் சமையலுக்கு வைத்துக் கொள்ளுங்கள் என்று சொல்லி இதை முடிக்கின்றோம்.