கேட்கும்படி பேசினார், கேட்டார்களா?

'எல்லோரும் கேட்கும்படி பேசினார்.' இவ்வாக்கியத்தைப் படித்த உங்களிடம் ஒரு வினா. எல்லோரும் கேட்டார்களா, அல்லது கேட்கவேண்டும் என்று அவர் விரும்பியதோடு சரியா?

தமிழில் இவ்விரண்டுக்கும் ஒரே வாக்கியந்தான். ஸ்பானிய மொழியில் அப்படித் தப்பிக்க முடியாது. 'டே மோடோ கே' என்னும் இணைப்புச் சொல்லுக்குப் பின் 'ஓயெரோன்' என்றால் கேட்டார்கள், விளைவு நடந்தேறியது. 'ஓயெரான்' என்றால் கேட்கவேண்டும் என்பது நோக்கம். கேட்டார்களா என்பதற்கு உறுதியில்லை. நிகழ்ந்ததாக உறுதி கூறாத இந்த வினைவடிவத்தையே சப்ஜங்டிவ் என்கிறார்கள். ஓர் உயிரெழுத்து மாறினால் விளைவு வெறும் விருப்பமாகிவிடுகிறது.

இதனால் தமிழ் குறைபட்ட மொழி என்று நான் சொல்லவரவில்லை. 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் காரணப் பொருளிலும் காரியப் பொருளிலும் வரும் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் என்றோ பகுத்துவிட்டார்கள். பாடுவார் முத்தப்பர் வாழ்ந்த கீழச்சிவல்பட்டியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களுக்கு ஊருணியே உயிர். அதையே சான்றாகக் கொள்வோம். 'மழை பெய்ய ஊருணி நிறைந்தது' என்பதில் பெய்தது காரணம். 'ஊருணி நிறைய வாய்க்கால் வெட்டினார்கள்' என்பதில் நிறைவது நோக்கம். நிறைந்ததா என்பது வேறு செய்தி. 'ஊருணி நிறைய மழை பெய்தது' என்றாலோ நிறைந்தே விட்டது. மழைக்கு நோக்கம் கிடையாதல்லவா? ஸ்பானியர் வினைவடிவத்தில் வைத்ததை நாம் எழுவாயின் இயல்பில் வைத்திருக்கிறோம். எழுவாய் மனிதனாகும்போதுதான் சிக்கல்.

மறுக்கப்படும் காரணத்திலும் இவ்வேறுபாடு உண்டு. 'பணம் இல்லாததால் அன்று, மனம் இல்லாததால் வீட்டைப் பூட்டினார்' என்று எழுதினால், அவரிடம் பணமும் இல்லைபோலும் என்று ஐயம் எழலாம். ஸ்பானியத்தில் 'நோ போர்கே' என்று தொடங்கி மறுக்கும் காரணத்தைச் சப்ஜங்டிவில் வைப்பார்கள். அதன் உண்மைக்கு எழுதுபவர் பொறுப்பேற்பதில்லை. நமக்கு அதே பணியைச் செய்ய 'என்று' இருக்கிறது. 'பணம் இல்லை என்பதால் அன்று' எனும்போது ஐயம் பெரிதும் விலகுகிறது. 'மழை பெய்ததால் வரவில்லை' என்பதில் காரணத்துக்கு நான் பொறுப்பு. 'மழை என்று வரவில்லை' என்பதில் வராதவரே பொறுப்பு.

இது மொழிபெயர்ப்பாளரின் கவலை மட்டுமன்று. 'அனைவரும் அறியும்படி தண்டோரா போடப்பட்டது' என்று ஒரு கோப்பில் எழுதப்படுகிறது. நிலத்தையோ நீரையோ பற்றிய அறிவிப்பு அது. கொல்லையில் வேலையாக இருந்தவர் காதில் அது விழவேயில்லை. நாளை அவர் வழக்காட வந்தால், அந்த 'படி'யைக் காட்டி, நீ அறிந்தாய் என்பார்கள். அறிவிக்க முயன்றோம் என்பது அறிந்தார்கள் என்றாகிவிட்டது. எளியவனுடைய உரிமை ஓர் எச்சத்தின் இருபொருளில் கரைந்துபோகலாம்.

பள்ளியில் வினையெச்ச வாய்பாடுகளைப் பட்டியலாக மனனம் செய்தோம். அவை எதற்கு என்று கேட்கவில்லை. 'அறிய வேண்டும் என்று அறிவித்தோம்', 'அறிவித்தோம், அறிந்தார்கள்' என்று பிரித்தெழுத நம் மொழியில் தடையேதுமில்லை. பிரித்தெழுதும் நேர்மைதான் வேண்டும். அயல்மொழி இலக்கணம் கற்பதால் எனக்குக் கிடைத்த பயன், என் மொழியில் நான் எங்கே மழுப்புகிறேன் என்று தெரிந்துகொண்டதுதான்.