மென்மையான எதிரி என்னும் கற்பிதம்

அறவழிப் போராட்டம் என்று பேச்செடுத்தாலே ஒரு வாதம் முன்னால் வந்து நிற்கிறது: வெள்ளைக்காரனுக்கு மனசாட்சி இருந்தது, அதனால் காந்தி வென்றார், கொடுங்கோலனிடம் அதெல்லாம் எடுபடாது. நடைமுறை அறிவுபோலத் தோன்றும் இந்த வாதத்துக்கு வரலாறும் துணை நிற்கவில்லை, ஆய்வும் துணை நிற்கவில்லை.

முதலில் அந்த மனசாட்சியைப் பார்ப்போம். 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் அரசுக் கணக்குப்படியே 379 பேர் கொல்லப்பட்டார்கள். 1930 ஏப்ரலில் பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில் நிராயுதபாணி மக்கள் சுடப்பட்டார்கள். அந்நாட்களில் அரசை உலுக்கியது, சந்திர சிங் கர்வாலியும் அவருடன் நின்ற கர்வால் ரைபிள்ஸ் சிப்பாய்களும் சுட மறுத்ததுதான். சிப்பாய், குமாஸ்தா, ரயில் ஊழியர், வரி கட்டுபவர் என்று பலருடைய கீழ்ப்படிதலில்தான் எந்த ஆட்சியும் நிற்கிறது. அது விலகினால் ஆள்பவரின் குணம் எதுவானாலும் ஆட்சி ஆடும்.

இரண்டாவது, கொடிய அரசுகளிடம் இது தோற்கும் என்பது. ஆய்வாளர்கள் எரிகா செனோவெத்தும் மரியா ஸ்டீபனும் 1900 முதல் 2006 வரையிலான 323 போராட்டங்களை ஒப்பிட்டார்கள். அறவழியில் நடந்தவற்றில் 53 சதவீதம் வென்றன. ஆயுதவழியில் 26 சதவீதமே. கடும் அடக்குமுறையைச் சந்தித்த போராட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோதும் அறவழியே முன்னால் நின்றது. துப்பாக்கி ஏந்தச் சிலரால்தான் முடியும். வேலைநிறுத்தத்திலும் புறக்கணிப்பிலும் முதியவரும் பெண்களும் சேரலாம். கூட்டம் பெருகப் பெருக, எதிரே நிற்கும் படைவீரனின் உறவினரும் அதில் இருப்பார்கள்.

மூன்றாவது, இத்தகைய வெற்றிகளை வல்லரசுகளே ஆட்டுவிக்கின்றன என்ற வாதம். பிலிப்பைன்ஸின் சர்வாதிகாரி மார்கோஸுக்கு அமெரிக்காவின் ரீகன் அரசு நெடுநாள் நண்பன். 1986 பிப்ரவரியில் மணிலாவின் எட்சா சாலையில் மக்கள் திரண்டு, படையில் ஒரு பகுதி பக்கம் மாறிய பிறகுதான் வாஷிங்டன் அவரைக் கைவிட்டது. உள்ளூரில் தராசு சாய்ந்ததைப் பார்த்தே வெளியுறவுக் கொள்கை மாறியது.

தமிழரிடமிருந்து வரும் ஆட்சேபம் இவற்றைவிடக் கனமானது. 1961இல் தமிழரசுக் கட்சி இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நடத்திய சத்தியாக்கிரகத்தை அவசரகாலச் சட்டமும் இராணுவமும் நசுக்கினவே என்று கேட்பார்கள். உண்மைதான். அரசும் படையும் சார்ந்திருந்த பெரும்பான்மைச் சமூகத்தின் ஒத்துழைப்பை அந்தப் போராட்டத்தால் அசைக்க முடியவில்லை. ஆனால் பின்னர் எடுத்த ஆயுதம் 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அந்தப் போரின்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ச, 2022 ஜூலையில் ஜனாதிபதி பதவியிலிருந்தபடியே நாட்டைவிட்டு ஓடினார். அதே அரசு, அதே படை. எதிரி மென்மையாகிவிடவில்லை, பெரும்பான்மை மக்களே வீதிக்கு வந்திருந்தார்கள். அவர்கள் 1961இலும் 2009இலும் தமிழருக்காக வந்திருந்தால் என்ற கேள்விக்கு அந்தச் சமூகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

2010க்குப் பிறகு அறவழியின் வெற்றி விகிதமும் சரிந்திருக்கிறது, மூன்றில் ஒன்று என்ற அளவுக்கு. இதைப் பதிவு செய்தவர் செனோவெத்தேதான். அரசுகள் கற்றுக்கொண்டுவிட்டன, போராடுபவர்களோ ஊர்வலத்தையே நம்பி, நீடித்த ஒத்துழையாமைக்கான அமைப்பைக் கட்டாமல் விட்டார்கள். ஆயுதவழியோ அதே காலத்தில் பத்தில் ஒன்றுகூட வெல்லவில்லை. ஆகவே எதிரி நல்லவனா என்று விசாரிப்பதில் பயனில்லை. அவன் யாருடைய உழைப்பில் நிற்கிறான், அவர்களில் எத்தனை பேரை நம் பக்கம் சேர்க்க முடியும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.